மாடத்தில் ஒரு புதினாத் தொட்டி

சென்ற இதழில் கறிவேப்பிலைக் கன்றைத் தொட்டியில் வளர்க்கும் முறை குறித்து எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் சிலர், சங்கத்தின் மாதக் கூட்டத்தன்று நம்மைச் சூழ்ந்துகொண்டு வேறொரு கேள்வியை எழுப்பினர். "கறிவேப்பிலை இருக்கட்டும், புதினாவுக்கு ஒரு வழி சொல்லுங்கள். கடையில் வாங்கிய கட்டிலிருந்து காம்பை எடுத்து நட்டால் நான்கே நாளில் அழுகிவிடுகிறதே, ஏன்?" என்று ஒரு சகோதரியார் வினவினார். "எங்கள் வீட்டில் நன்றாகத் துளிர்க்கிறது, ஆனால் கோடை வந்ததும் மாண்டுபோகிறது" என்றார் மற்றொருவர். ஆகவே இம்மாதப் பகுதியை முழுவதும் புதினாவுக்கே ஒதுக்கிவிட்டோம்.

நாம் தாவர நூல் பயின்றவரல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, நாகபுரியில் இரயில்வே குமாஸ்தாவாகக் காலம் தள்ளுகிறோம். பகலெல்லாம் கணினித் திரையோடும் கணக்கேட்டோடும் மல்லாடிவிட்டு, மாலையில் இரண்டாம் மாடிக் குடியிருப்பின் நான்கடி அகல மாடத்தில் தொட்டிகளோடு உறவாடுகிறோம். இங்கே எழுதுவன யாவும் நம் கைபட்டுக் கெட்டவையும், நம் அன்னையார் கைபட்டுத் தழைத்தவையுமேயாகும்.

2022ஆம் ஆண்டு தை மாதத்தில் நம் தந்தையார் காலமானார். மயிலாடுதுறைக்கு அருகே ஒரு சிற்றூரில், கொல்லையும் கிணறும் கொண்ட வீட்டில், அன்னையாரைத் தனியே விட நமக்கு மனம் வரவில்லை. ஆனி மாதத்தில் இங்கு அழைத்து வந்துவிட்டோம். அழைத்து வந்தது எளிதாக இருந்தது, இருக்கவைத்ததுதான் அரிதாயிற்று. அவருக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. நாம் பணிக்கும், குழந்தை பள்ளிக்கும் சென்றபின், நம் துணைவியாரும் தையல் வேலைக்குப் போய்விடுவார். அன்னையார் மாடத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே போவோர் வருவோரைப் பார்த்தவண்ணம் நின்றிருப்பார். உணவும் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு மாதம் கழிந்ததும் ஒருநாள், "தம்பி, எனக்கு ஒரு சீட்டு எடுத்துக் கொடு. நான் ஊருக்கே போய்விடுகிறேன்" என்றார். இரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவனிடம் சீட்டுக் கேட்பதைவிட எளிய வேண்டுகோள் உண்டோ? ஆயினும் அதனை நிறைவேற்ற நம் கை எழவில்லை. "பார்க்கலாம் அம்மா" என்று நாளைக் கடத்தினோம்.

அந்நாட்களில் ஒரு காலை, கீழே காய்கறித் தள்ளுவண்டி வந்து நின்றது. அன்னையாரும் நம்முடன் இறங்கி வந்தார். வண்டிக்காரர் கத்தரிக்காயைக் காட்டி, "வாங்கி, வாங்கி" என்று கூவினார். "எதை வாங்கி?" என்று அன்னையார் நம்மைக் கேட்டார். மராத்தியில் கத்தரிக்காய்க்கு 'வாங்கி' என்பதே பெயரென்று சொன்னோம். கொத்தமல்லியோ 'கோதிம்பீர்', கறிவேப்பிலையோ 'கடிபத்தா' என்று ஒவ்வொன்றும் வேறாக இருந்தது கண்டு அவர் முகம் வாடிற்று. கடைசியில் ஒரு பசுங்கட்டைத் தொட்டுக் காட்டி, பேசாமல் நின்றால் நன்றாயிராது என்பதற்காக, "புதினா" என்றார். "ஹோ, புதினா!" என்றார் வண்டிக்காரர். அன்னையார் திடுக்கிட்டு நம்மைத் திரும்பிப் பார்த்தார். இந்த ஊரார் ஒருவர் அவருடைய சொல்லை உள்ளபடியே விளங்கிக்கொண்டது அதுவே முதல் தடவை. பாரசீகத்திலிருந்து வந்த இச்சொல் மராத்தி, இந்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகிய அனைத்திலும் ஏறத்தாழ ஒரே உருவில் வழங்குகிறது. வேற்றூரில் வாழும் நம்மனோர்க்கு மொழிபெயர்க்க வேண்டாத சொற்கள் சிலவே. அவற்றுள் இது ஒன்று.

வீட்டிற்கு வந்ததும் அன்னையார் கட்டைப் பிரித்து இலைகளை ஆய்ந்தார். காம்புகளைக் குப்பையில் எறியவில்லை. எட்டுக் காம்புகளைத் தெரிந்தெடுத்து ஒரு கண்ணாடித் தம்ளரில் நீரூற்றி நிறுத்தினார். அவர் செய்த முறையைச் சொல்லிவிட்டால், சகோதரியாரின் முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

புதினாவை விதையிட்டு வளர்ப்பது பயனற்ற வேலை. அதன் இனங்கள் தம்முள் எளிதில் கலப்பவை. விதையில் முளைத்த செடி தாய்ச்செடியின் மணத்தோடு இருக்குமென்பது உறுதியில்லை. காம்பிலிருந்தோ, வேரோடிய தண்டிலிருந்தோ வளர்ப்பதே நன்று. கட்டை வாங்கும்போது தண்டு நசுங்காததாகவும் கருக்காததாகவும் பார்த்து வாங்குக. நான்கு அல்லது ஐந்து அங்குல நீளமுள்ள தண்டை, கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் நறுக்குக. வேர் பெரும்பாலும் கணுவிலிருந்தே புறப்படும். நுனியில் நான்கைந்து இலைகளை மட்டும் நிறுத்தி, ஏனையவற்றைக் கிள்ளிவிடுக. இரண்டு அங்குல ஆழ நீரில் தண்டு மட்டும் மூழ்கவேண்டும். இலை ஒன்றுகூட நீரில் படலாகாது. நீரில் பட்ட இலை அழுகும். அது தண்டையும் அழுகச் செய்யும். பலர் வீட்டில் நேரும் கேடு இதுவே. இரண்டு நாளுக்கொரு முறை நீரை மாற்றுக. வெளிச்சமுள்ள, ஆனால் நேர்வெயில் படாத இடத்தில் வைக்குக. ஏழு முதல் பத்து நாட்களுக்குள் கணுக்களில் வெள்ளை வேர்கள் நூல்போல் தோன்றும். அவை ஓர் அங்குலத்துக்கு மேல் நீண்டதும் மண்ணுக்கு மாற்றலாம்.

அன்னையாரின் எட்டுக் காம்புகளில் ஆறு வேர்விட்டன. ஒவ்வொரு காலையும் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்ப்பார்; நம் மகளுக்கும் காட்டுவார். அந்த வாரம் அவர் சீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

இனித் தொட்டி. புதினாவின் வேர் ஆழமாக இறங்குவதில்லை. தண்டுகள் மண்ணை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடி, கணுதோறும் வேர்விட்டுப் பரவும். ஆகவே ஆழமான வாளியைக் காட்டிலும் அகலமான பாத்திரமே ஏற்றது. எட்டு அங்குல ஆழமும் பன்னிரண்டு அங்குல அகலமும் போதும். விலைகொடுத்துத் தொட்டி வாங்க வேண்டுவதில்லை. ஐந்து லிட்டர் எண்ணெய்க் குடுவையைப் படுக்கவைத்து மேற்பக்கத்தை அறுத்துவிட்டால் நல்லதொரு தொட்டியாகும். அடியில் சுண்டுவிரல் பருமனில் ஐந்தாறு துளைகள் கட்டாயம் வேண்டும். நாம் முதன்முதலில் துளையிடாத வாளியில் நட்டு, வேரழுகிச் செடியை இழந்தோம். துளைமேல் ஓர் ஓட்டுச்சில்லோ சிறிது தேங்காய் நாரோ வைத்தால் மண் ஒழுகாது. அடியில் ஜல்லி நிரப்பும் வழக்கம் பலரிடம் உண்டு. அது நீர் வடிதற்கு உதவுவதில்லை. வேருக்குரிய மண்ணின் ஆழத்தைக் குறைப்பதொன்றே அதன் பயன்.

நாகபுரியின் மண் பருத்திக்குகந்த கரிசல். வயலில் அது செல்வம், தொட்டியில் சுமை. நனைந்தால் களியாகி நீரைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். எனவே கரிசல் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு எனக் கலந்துகொள்வது நலம். செம்மண் கிடைக்கும் ஊரார் மண்ணை இரு பங்காக்கி, மணலையும் எருவையும் ஒவ்வொரு பங்கு சேர்க்கலாம். தேயிலைச் சக்கையை அப்படியே கொட்டுவோர் கவனிக்க: பாலும் சருக்கரையும் கலந்த சக்கை எறும்பையும் பூஞ்சணத்தையும் அழைத்துவரும். கழுவி மக்கவைத்த பின்னரே இடுக. தொட்டி ஒன்றுக்கு நான்கு காம்புகள், மூன்று அங்குல இடைவெளியில் நட்டால் ஆறேழு வாரங்களில் மண் தெரியாமல் மூடிவிடும்.

நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேர வெயில் போதும். அது காலை வெயிலாயின் சிறப்பு. நம் மாடம் கிழக்கு நோக்கியது. அது நம் பேறு. மேற்கு நோக்கிய மாடமுடையோர் சித்திரை, வைகாசியில் தொட்டியைச் சுவரின் நிழலுக்கு நகர்த்திவிட வேண்டும். இங்கே மே மாதத்தில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும் நாட்களுண்டு. அப்போது காலையும் மாலையும் நீர் வேண்டும். குளிர்காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை போதும். கணக்கு வைத்து ஊற்றுவதைவிட விரலால் தொட்டறிவதே மேல்: ஒரு விரற்கணு ஆழத்தில் மண் உலர்ந்திருந்தால் ஊற்றுக, ஈரமிருந்தால் கையைக் கட்டிக்கொள்க. நீரை இலைமேல் தெளிக்காது, வேரடியில் விடுக. இதன் காரணம் பின்னர் வரும்.

இப்பகுதிகளில் வீடுதோறும் கோடையில் கூலர் ஓடும். அதன் ஈரத்தட்டிகளின் அருகே, காற்றுப் புகும் வழியை அடைக்காமல், நிழலில் தொட்டியை வைத்தால் செடி வாடாது. ஆனால் ஓர் எச்சரிக்கை. நாம் சிக்கனம் கருதி, கூலரின் தொட்டியில் எஞ்சிய நீரை வீணாக்காமல் செடிக்கே ஊற்றிவந்தோம். மூன்று வாரத்தில் இலைகளின் ஓரம் தீய்ந்து, மண்ணின்மேல் வெண்மையாக உப்புப் பூத்தது. கூலரில் நீர் ஆவியாகிச் செல்ல, அதிலுள்ள உப்பு மட்டும் நாள்தோறும் சேர்ந்து எஞ்சிய நீர் கடுமையாகிவிடுகிறது. அந்நீர் செடிக்காகாது. அன்னையார் தொட்டியைக் குழாயடிக்குத் தூக்கிச் சென்று, நல்ல நீர் அடித்துளை வழியே தாராளமாக ஓடும் வரை மூன்று முறை ஊற்றி உப்பைக் கரைத்து வெளியேற்றினார். செடி பிழைத்தது.

அந்த 2023ஆம் ஆண்டுக் கோடையிலேயே மற்றொரு சங்கடமும் நேர்ந்தது. கீழ்த்தளத்தில் மராத்தியக் குடும்பத்துப் பாட்டியார் ஒருவர் இருக்கிறார். இங்குப் பாட்டியை 'ஆஜி' என்பர்; நாமும் அப்படியே அழைக்கிறோம். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, கூழ் காய்ச்சிப் பிழிந்து உலர்த்தும் 'குர்டை' என்ற வடகத்தை அவர் முற்றத்துக் கயிற்றுக்கட்டிலின்மேல் துணி விரித்துக் காயவைத்திருந்தார். நம் தொட்டிகளிலிருந்து வடிந்த சேற்றுநீர், மாடத்தின் விளிம்பு வழியே சொட்டுச் சொட்டாக அதன்மேல் விழுந்துவிட்டது. ஆஜி மேலேறி வந்து கதவைத் தட்டினார். வீட்டில் அன்னையார் ஒருவரே இருந்தார். ஆஜியின் சினமொழிகளில் ஒன்றும் அவருக்கு விளங்கவில்லை. கையைப் பற்றி மாடத்திற்கு அழைத்துச் சென்று ஆஜி கீழே சுட்டிக் காட்டினார். காய்ந்துகொண்டிருந்த வடகமும் அதன்மேல் கறுத்த துளிகளும் கண்ணிற்பட்டன. ஆண்டுதோறும் மாசி, பங்குனியில் கூழ்வடகம் பிழிந்த கைக்கு அதற்குமேல் மொழி வேண்டியிருக்கவில்லை. அன்னையார் தலையில் கைவைத்துக்கொண்டாராம். உடனே கீழிறங்கி, கெட்டதைப் பொறுக்கி நீக்கி, மறுநாள் காலையில் ஆஜியுடன் அமர்ந்து புதிதாகப் பிழிந்தும் கொடுத்தார். திரும்பும்போது ஒரு கைப்பிடி புதினா கொண்டுபோய்க் கொடுத்தார். ஆஜி அதனை இஞ்சி, பச்சைமிளகாய், கொத்தமல்லியோடு நசுக்கி மோரில் கலந்து, 'மட்டா' என்று பெயர் சொல்லிக் குடிக்கக் கொடுத்தார். மாலையில் நாம் பணிமுடிந்து வந்தபோது, அன்னையார் அந்தச் சொல்லை நமக்குக் கற்பித்தார்.

மாடிக் குடியிருப்பில் வாழும் நேயர்கள் இதனை மனத்திற் கொள்க. தொட்டியின்கீழ் அகன்ற தட்டு வையுங்கள். தட்டிற்கும் தொட்டிக்கும் இடையே இரண்டு செங்கல் துண்டுகள் இருக்கட்டும். தட்டில் வடிந்த நீரை அரைமணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். தேங்கினால் வேரும் அழுகும், கொசுவும் பெருகும். நம் செடி பிறர்க்கு இடராகலாகாது.

அறுவடையில் ஒரு சூட்சுமமுண்டு. அவசரத்தில் அடியிலையை ஒவ்வொன்றாகப் பறிப்போர் பலர். அங்ஙனம் செய்தால் செடி ஒட்டகம்போல் நெடிதாகிச் சாயும். ஆறு அங்குலம் வளர்ந்ததும், அடியிலிருந்து இரண்டு அடுக்கு இலைகளை விட்டு, அதற்குமேல் தண்டோடு நறுக்குக. வெட்டிய இடத்திற்குக் கீழுள்ள இலைக்கக்கங்களிலிருந்து இரண்டு கிளைகள் புறப்படும். அவை இரண்டும் நான்காகும். புதினா வெட்டவெட்டத் தழைக்கும். வெட்டாது போற்றினால் முற்றி விறைக்கும். ஒரே நாளில் மொட்டையடித்துவிடாமல் மூன்றிலொரு பங்கையேனும் நிறுத்துக. மொட்டு அரும்புமுன்னர் வெட்டினால் இலையில் மணம் நிறைந்திருக்கும். மூன்று வாரத்திற்கொருமுறை இவ்வாறு வெட்டலாம்.

வாராவாரம் துவையலரைக்க நம் குடும்பம் போன்ற நால்வர்க்கு இரண்டு தொட்டிகள் வேண்டியிருக்கின்றன. உண்மையைச் சொல்லிவிடுவோம்: சந்தையில் புதினாக்கட்டு மலிவான பொருள். காசு மிச்சம் பிடிக்கக் கருதிப் புதினா வளர்ப்போர் ஏமாறுவர். ஆனால் உளுத்தம்பருப்பும் மிளகாய் வற்றலும் வறுத்து, பெருங்காயமும் புளியும் தேங்காயும் எடுத்துவைத்த பிறகு, மாடத்திற்குச் சென்று இலை பறித்து வந்து ஒரு வதக்கு வதக்கி அரைக்கும் துவையலுக்கு நிகராக வாடிய கட்டில் எதுவும் கிடைப்பதில்லை. இலை சுருண்டதும் இறக்கிவிட வேண்டும். மிக வதக்கினால் நிறம் கறுத்து மணமும் போய்விடும். தம் கையால் வளர்த்த புதினாவில் அன்னையார் முதன்முதலாகத் துவையல் அரைத்த அன்றுதான், இவ்வூருக்கு வந்தபின் அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு உண்டதை நாம் கண்டோம்.

இடையில் இனம் பற்றி ஒரு சொல். துளசி, கற்பூரவள்ளி, திருநீற்றுப்பச்சை ஆகியவற்றின் குடும்பமே புதினாவின் குடும்பமும். தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள், வட்டமாயிராது, நாற்கோணமாயிருக்கும். புதினாவிலும் பல வகையுண்டு. உத்தரப் பிரதேசத்துப் பாராபங்கி முதலிய மாவட்டங்களில் பெருமளவில் பயிராவது மென்தால் புதினா. நீராவியால் அதன் எண்ணெயை வடித்து, மென்தால் எடுத்து, தைலத்திற்கும் பற்பசைக்கும் பயன்படுத்துகின்றனர். இலக்னோவில் உள்ள மத்திய மருந்து மற்றும் மணப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இப்பயிரில் மேம்பட்ட வகைகள் பலவற்றை உருவாக்கியிருக்கிறது. நாம் துவையலுக்குக் கொள்வது பெரும்பாலும் வேறினம். அதன் மணத்திற்குக் காரணம் மென்தால் அன்று, கார்வோன் என்னும் பொருள். வடநாட்டு நாற்றங்காலில் செடியாக வாங்குவோர், ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தே வாங்குக. தைலப்புட்டியைத் திறந்தாற்போல் மூக்கில் ஏறினால் அது துவையலுக்கு ஏற்றதன்று.

தில்லியில் வாழும் அன்பர்கள் மார்கழி, தை மாதங்களில் செடி ஒடுங்கிவிட்டதே என்று தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டா. மேலே வாடினாலும் மண்ணுக்குள் ஓடிய தண்டு உயிரோடிருக்கும். குளிர் தணிந்ததும் மீண்டும் துளிர்க்கும். மும்பையிலுள்ளோர் ஜூன் முதல் செப்டம்பர் வரை தொட்டியை மழைச்சாரல் நேரே விழாத இடத்தில் வைப்பதே காப்பு.

ஓராண்டு கழிந்தால் தொட்டி முழுதும் வேர் சுற்றிக்கொள்ளும். ஊற்றிய நீர் நிற்காமல் ஓடும், இலை சிறுக்கும், நடுவில் வழுக்கை விழும். எரு போதவில்லை என்று மேன்மேலும் கொட்டுவது வீண். தொட்டியைச் சாய்த்து வேர்க்கட்டியை வெளியே எடுத்து, கத்தியால் நான்காக அறுக்கவேண்டும். ஒரு பாகத்தைப் புதிய மண்ணில் நட்டால் போதும். அதுவே மீண்டும் தொட்டியை நிறைக்கும். மற்ற மூன்று பாகங்களை என்செய்வது? கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. முதல் மழை விழுந்த 2023 ஜூன் இறுதியில் அன்னையார் இவ்வாறு பிரித்து, ஒன்றை ஆஜிக்கும், ஒன்றை எதிர்வீட்டுத் தெலுங்கருக்கும் கொடுத்தார். மூன்றாவதை இரண்டாம் தொட்டியில் நட்டார்.

அடுத்த மாதமே ஊரில் வீட்டின் ஓடு சரிந்துவிட்டதென்று செய்தி வந்தது. அன்னையார் மராமத்துப் பார்க்கப் புறப்பட்டார். நாமே சீட்டு எடுத்துத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டோம். சென்னையில் நம் தம்பி வந்து அழைத்துச் சென்றான். போகும்போது, திரும்பும் நாளை அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை, கேட்க அச்சமாயிருந்தது.

தொட்டிகள் நம் பொறுப்பில் வந்தன. இரவுப்பணி முடிந்து வரும் நாட்களில் தூக்கக் கலக்கத்தோடு, நின்றபடியே தலைக்குமேல் நீரைக் கொட்டிவிட்டுப் படுத்துவிடுவோம். வெளியிலோ ஆடி மழை. இலைகள் இரவு பகலாக ஈரமாகவே இருந்தன. ஒருநாள் இலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்புறமெங்கும் செம்மஞ்சள் பொடி தூவினாற்போலிருந்தது. அதுதான் புதினாவின் துருநோய், பூஞ்சணத்தால் வருவது. ஈரம் தங்கிய நெருக்கமான இலைகளில் அது காட்டுத்தீயாய்ப் பரவும். முதற்புள்ளி கண்டவுடனேயே நோய்பட்ட தண்டுகளை அடியோடு வெட்டி, குப்பையுரத்தில் சேர்க்காமல் அப்புறப்படுத்தி, காற்றோட்டம் உண்டாக்கியிருக்க வேண்டும். நாமோ ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு தொட்டிகளும் கருகிப்போயின. (அசுவினிப் பூச்சி வேறு; அதற்கு நீரைப் பீய்ச்சிக் கழுவுவதே பெரும்பாலும் போதும். தீராவிடில் ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக்கரைசலும் கலந்து தெளித்து, ஒரு வாரம் கழித்து நன்கு கழுவி உண்ணலாம். துருவுக்கு வெட்டுதலே மருந்து.)

அன்னையார் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைப்பார். பேத்தியைக் கேட்பார், அடுத்து, "புதினா எப்படி இருக்கிறது?" என்பார். "நன்றாயிருக்கிறது அம்மா" என்றோம். ஒரு வாரமன்று, நான்கு வாரம் அவ்வாறு சொன்னோம். அந்தத் தொட்டிகள் போய்விட்டனவென்று தெரிந்தால் அவருக்கு இங்கு வர என்ன இருக்கிறது என்ற எண்ணமே நம்மைப் பொய்யனாக்கிற்று. நேயர்கள் மன்னிக்க.

செப்டம்பரில் ஒருநாள், "தம்பியிடம் சொல்லி நானே சீட்டு எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன்" என்றார். நமக்கு மகிழ்ச்சி ஒருபுறம், கலக்கம் ஒருபுறம். அன்று மாலை கீழ்த்தளத்திற்குச் சென்று ஆஜியிடம் உள்ளதைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, தம் வாசலிலிருந்த நீலநிறப் பெயிண்டு வாளியைக் காட்டினார். அன்னையார் கொடுத்த கால்பாகம் அதில் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. வேரோடு பாதியைப் பெயர்த்து, மண்ணும் சேர்த்துத் தந்தார். நோய்பட்ட மண்ணைக் கொட்டி, தொட்டியை வெந்நீரும் சோப்பும் கொண்டு தேய்த்துக் கழுவி, புதுமண்ணில் நட்டு வைத்தோம்.

வெள்ளியன்று அன்னையார் வந்தார். பெட்டியைக் கூட இறக்காமல் மாடத்திற்குச் சென்றார். தொட்டியைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், நம் முகத்தைப் பார்த்தார். ஒளிக்க இயலவில்லை. "அது போய்விட்டதம்மா. இது ஆஜி கொடுத்தது" என்றோம்.

அவர் ஓரிலையைக் கிள்ளி முகர்ந்தார். "ஆஜியுடையதா? இது என்னுடையதுதானே! கொடுத்து வைத்திருந்தேன், இருக்கிறது" என்றார். பிறகு கீழே குனிந்து, ஆஜியை உரக்க அழைத்தார்.

நற்பேறு பெற்றவரைக் 'கொடுத்து வைத்தவர்' என்று நம் நாட்டில் சொல்வதுண்டு. அச்சொல்லின் நேர்ப்பொருளை நாம் அறிந்துகொண்டது அன்றுதான். எந்தச் செடியும் ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் ஒரு நோயில், ஒரு மாற்றலில், ஒரு கோடையில் அழியக்கூடும். நான்கு வீட்டில் இருந்தால் எங்கேனும் ஒன்று நிற்கும். உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் நமக்கு இது நினைவில் வைக்கத் தக்கது. ஆகவே நேயர்களே, ஆண்டுக்கொருமுறை தொட்டியைப் பிரியுங்கள்; பிரித்ததை அண்டை வீட்டாரிடம் ஒப்படையுங்கள்.

அடுத்த கூட்டத்திற்கு நம் இல்லத்திலிருந்து வேர்விட்ட காம்புகள் இருபது கொண்டுவர எண்ணியிருக்கிறோம். வேண்டுவோர் ஈரத்துணியோ பழைய செய்தித்தாளோ கொண்டுவருக. வரும் இதழில் பாகற்கொடியை மாடக் கம்பியில் ஏற்றும் வகை குறித்து எழுதுவோம்.